குதிரையை விற்பதா, வைத்துக்கொள்வதா? எங்கள் வீட்டில் நடந்த விவாதம்

முடிவெடுக்கும் நேரம் - வாராந்தரப் பத்தி

வீடு வாங்கலாமா, வாடகையே போதுமா? வேலையை விடலாமா, பொறுத்துப் பார்க்கலாமா? இப்படி உங்கள் வீட்டுக் கேள்விகளை எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் விசாரித்து எழுதுவதுதான் இந்தப் பத்தியின் வேலை. இந்த வாரக் கேள்வி எங்கள் வீட்டிலிருந்தே வந்துவிட்டது. அதுவும் ஒரு குதிரையைப் பற்றி!

என் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "போஸ்டிங் வந்திருச்சு. ஆவணில கிளம்பணும். ரெண்டு வருஷம்."

எந்த ஊர் என்று எழுதக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பான உத்தரவு. வடக்கே மலைப் பகுதி, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாத இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மா சாமி படம் ஒன்றை அனுப்பினார். அண்ணி பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. பத்து நிமிடம் கழித்து அப்பா டைப் செய்தார்: "பவளத்தை என்ன பண்றது?"

அன்றிலிருந்து எட்டு வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பவளம் யார்?

பவானிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாரு காலத்தில் வீட்டில் குதிரை வண்டி இருந்தது. சந்தைக்கும் ரயிலடிக்கும் ஓடிய வண்டி. அப்பாரு போனதோடு வண்டியும் போனது. ஆனால், அண்ணனுக்கு மட்டும் அந்த ஆசை போகவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன்பு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர் சமயத்தில் நடக்கும் கால்நடைச் சந்தைக்குப் போனவர், 45,000 ரூபாய் கொடுத்து இரண்டு வயதுப் பெண் குட்டி ஒன்றைப் பிடித்துவந்தார். அந்தச் சந்தை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கத்தியவார், மார்வாரி என்று லட்சங்களில் விலை போகும் குதிரைகளெல்லாம் வெளிமாநிலங்களிலிருந்து வந்து நிற்கும். எங்களுடையது அப்படி ஒன்றும் இல்லை. சாதாரண நாட்டுக்குதிரை. செவலை நிறம் என்பதால் பவளம் என்று அண்ணன் பெயர் வைத்தார்.

இப்போது பவளத்துக்கு ஏழு வயது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு குதிரை 25, 30 வயது வரைகூட இருக்கும். அதாவது, இன்னும் இருபது வருடங்களுக்கு யாரோ ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும்.

இதுவரை எப்படிச் சமாளித்தோம் என்று கேட்கலாம். கடந்த இரண்டரை வருடங்களாக அண்ணனுக்கு வேலை நீலகிரியில், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பவளத்தோடுதான். மற்ற நாட்களில் அப்பா பார்த்துக்கொண்டார். பங்குனியில் அப்பாவுக்கு இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு காலையில் தீனி வைப்பது பக்கத்துத் தோட்டத்துத் தம்பி, மாலையில் அம்மா. அம்மாவுக்கு பவளம் என்றால் பாசம், பக்கத்தில் போக பயம்.

"ஆர்மியிலயே குதிரை இருக்கே?"

விஷயம் தெரிந்ததும் முதலில் போன் செய்தவர் எங்கள் மாமா. "ஏனுங் மாப்ள, உங்க ஆர்மியிலயே குதிரை இருக்கே. இதையும் கூட்டிட்டுப் போயிர வேண்டியதுதானே?"

இதை நீங்களும் யோசித்திருப்பீர்கள். ராணுவத்தில் குதிரைகள் உண்டுதான். ஜெய்ப்பூரில் 61-வது குதிரைப்படை இருக்கிறது. வண்டி ஏற முடியாத மலைகளில் இன்றைக்கும் கோவேறு கழுதைகள் சுமை தூக்குகின்றன. அவற்றை வளர்க்கவும் வைத்தியம் பார்க்கவும் ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. அதன் மையம் மீரட்டில். ஆனால், அவையெல்லாம் அரசாங்கத்தின் விலங்குகள். ஒரு ஜவான் தன் வீட்டுக் குதிரையை இழுத்துக்கொண்டு பணிக்குப் போக வழியே இல்லை.

மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். அமெரிக்க ராணுவத்தில் 2024 ஜனவரியிலிருந்து, இடமாற்றம் கிடைக்கும் வீரர்களுக்கு வளர்ப்புப் பிராணியைக் கூட்டிச்செல்லும் செலவைத் திருப்பித் தருகிறார்கள். உள்நாட்டுக்குள் என்றால் 550 டாலர் வரை, வெளிநாடு என்றால் 2,000 டாலர் வரை. அதுவும் ஒரே ஒரு நாய் அல்லது பூனைக்குத்தான். குதிரை வைத்திருக்கும் வீரர் அங்கேயும் எங்கள் அண்ணன் மாதிரி மோட்டைப் பார்த்துப் படுத்து யோசிக்க வேண்டியதுதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு நோட்டு உண்டு. பவளத்துக்கும் ஒன்று இருக்கிறது. கொள்ளு, தவிடு, சோளத்தட்டு, லாடம், குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் சேர்த்து மாதம் சராசரியாக 7,500 ரூபாய் ஆகிறது. இரண்டு வருடங்களுக்கு 1,80,000 ரூபாய்.

அந்தியூர்ச் சந்தைக்கு முன்பே ஒரு தரகர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். துண்டுக்கு அடியில் அப்பாவின் விரலைப் பிடித்துச் சொன்ன விலை 90,000. ஆக, கணக்கு மட்டும் பார்த்தால் விற்றுவிட்டு, திரும்பி வந்ததும் வேறு குதிரை வாங்குவதுதான் லாபம். இந்தப் பத்தியும் இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால், பணம் எங்கள் வீட்டில் இரண்டாவது பிரச்னைதான். முதல் பிரச்னை வேலை. ஆடு, மாடு மாதிரி கட்டிப்போட்டுத் தீனி வைத்தால் போதும் என்று குதிரையை விட முடியாது. ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மெல்ல வேண்டும். லத்தி அள்ள வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், தினமும் குளம்பைத் தூக்கிக் கல், ஆணி குத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். தினமும் நடக்கவோ ஓடவோ விட வேண்டும். ஆறடி தூரத்தில் நின்று தீனிப் பாத்திரத்தைத் தள்ளிவிடும் அம்மாவால் இதில் எத்தனை முடியும்?

வீடு இரண்டாகப் பிரிந்தது

அப்பா விற்கச் சொன்னார். அப்பாருவின் வண்டிக் குதிரையைக் குளிப்பாட்டி வளர்ந்தவர் அவர். பாசம் இல்லாமல் சொல்லவில்லை. "என்னால முடியும்னு சொல்லி வெச்சுக்கிட்டு, நாளைக்கு அது எலும்பும் தோலுமா நின்னா அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்றார்.

அம்மா கூடவே கூடாது என்றார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. நான் ஊருக்குப் போயிருந்தபோது ஒருநாள் இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார். "அதை வித்துப்போட்டா அவன் திரும்பி வர்றதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்குது கண்ணு. அது இங்க நின்னாத்தான் வருவான்னு மனசு சொல்லுது."

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்தப் பாரத்தையெல்லாம் வாயில்லாத ஜீவன் மேல ஏத்தக் கூடாது" என்றார்.

அண்ணன் எந்தப் பக்கமும் பேசவில்லை. "நீங்க என்ன சொல்றீங்களோ அதுப்பா" என்பார். போனை வைத்த பிறகு அண்ணிக்குத் தனியாக அழைத்து, பவளம் தண்ணீர் குடித்ததா என்று கேட்பார்.

விற்றால் எங்கே போகும்?

இந்த நேரத்தில்தான் நான் ஆபீஸில் உட்கார்ந்து பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். போருக்குப் போனவர்களின் குதிரைகள் என்ன ஆயின?

முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் கப்பலில் போயின. அவற்றில் ஊர் திரும்பியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் சேண்டி. மேஜர் ஜெனரல் பிரிட்ஜஸ் என்ற தளபதியின் குதிரை. 1915-ல் கல்லிப்போலி போர்முனையில் குண்டடிபட்டு அவர் இறந்துபோனார். அந்த நாட்டு அமைச்சரே தலையிட்டதால், 1918 நவம்பரில் சேண்டி மெல்போர்ன் வந்து சேர்ந்தது. குதிரை வந்தது, அதன் எஜமானர் வரவில்லை. மற்ற வீரர்கள் வந்தார்கள், அவர்களின் குதிரைகள் வரவில்லை. நோய்த்தடுப்புக் கட்டுப்பாடும் கப்பல் செலவும் காரணங்கள். எஞ்சிய குதிரைகளில் பல, வேறு படைகளுக்குக் கைமாறின.

அதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது கெய்ரோ கதை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் இருந்த தன் குதிரைகளில் பலவற்றை அங்கேயே விற்றுவிட்டது. 1930-ல் டோரதி புரூக் என்ற பெண்மணி, ராணுவ அதிகாரியான கணவருடன் கெய்ரோவுக்குப் போகிறார். அங்கே தெருவில் கிழட்டுக் குதிரைகள், புண்ணும் நொண்டலுமாகப் பாரம் இழுக்கின்றன. உற்றுப் பார்த்தால் உடம்பில் ராணுவ முத்திரை! விற்ற பிறகு பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அவை அங்கே உழைத்துக்கொண்டிருந்தன. 1931-ல் அவர் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுத, மக்கள் பணம் அனுப்பினார்கள். சுமார் 5,000 குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவற்றை இனிக் காப்பாற்ற முடியாத நிலை. சில நாட்கள் வயிறாரத் தீனி கொடுத்து, வலியில்லாமல் முடித்துவைத்தார்கள். 1934-ல் அவர் கெய்ரோவில் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைக்கு 'புரூக்' என்ற பெயரில் பல நாடுகளில், இந்தியாவிலும்கூட, உழைக்கும் குதிரை, கழுதைகளுக்காக வேலை செய்கிறது.

விற்பது பாவம் என்று இந்தக் கதை சொல்லவில்லை. ஆனால், விற்ற அன்றோடு குதிரையின் கதை முடிவதில்லை என்று சொல்கிறது. முதலில் வாங்குபவர் நல்லவராக இருக்கலாம். அவர் யாருக்கு விற்பார்?

இதை அண்ணனிடம் சொன்னேன். "அந்த 90,000 சொன்ன ஆளு எதுக்கு வாங்கறார்னு கேளு" என்றார். கேட்டோம். டவுனில் கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதற்காம். முகூர்த்த நாட்களில் ராத்திரி முழுக்க தார் ரோடு, பட்டாசு, டிஜே சத்தம். பவளம் பிரஷர் குக்கர் விசிலுக்கே காதை விறைக்கும் குதிரை.

இன்னொருவர் வண்டிப் பந்தயத்துக்காக 75,000-க்குக் கேட்டார். அப்பா ஊன்றுகோலோடு ஆட்டோவில் அவர் வீட்டுக்கே போய் அவருடைய குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்தார். விலா எலும்பு தெரிகிறதா, சேணம் உராய்ந்த புண் இருக்கிறதா, குளம்பு ஒழுங்காகச் சீவியிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று நாலு விஷயம்தான் பார்த்தாராம். "ஆள் பரவால்ல. அவசியம்னா இவருக்குக் குடுக்கலாம்" என்றார். விலை குறைவான ஆள் எங்கள் நோட்டில் முதலிடத்துக்கு வந்தது அப்படித்தான்.

அண்ணி சொன்ன யோசனை

இத்தனை நாளும் வாய் திறக்காத அண்ணி ஆனி மாதம் பிறந்ததும் ஒரு யோசனை சொன்னார். அண்ணி பள்ளிக்கூட டீச்சர். "எதுக்கு இப்பவே சண்டை? ஒரு மாசம் ஒத்திகை பார்க்கலாம். அவர் கிளம்பிட்ட மாதிரியே இருப்போம். அவர் வரக் கூடாது. குதிரையைப் பத்தி அவருக்கு போன் போடக் கூடாது. நம்மால முடியுதான்னு பார்ப்போம்."

எனக்குத் தெரிந்து இந்த எட்டு வாரத்தில் யாரும் சொன்ன யோசனைகளில் இதுதான் சிறந்தது.

முதல் வாரம் பிரமாதமாகப் போனது. அம்மா கயிற்றைக்கூடப் பிடித்துவிட்டார். ஒன்பதாம் நாள், தம்பிக்குக் கல்லூரியில் பரீட்சை. அப்பாவே பவளத்தை அவிழ்த்துத் தண்ணீருக்குக் கூட்டிப்போனார். ரோட்டில் லாரி ஹாரன் அடிக்க, அது தலையை வெட்டி இழுக்க, அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் கேட்ட திட்டு மட்டும் மிச்சம்.

பதினைந்தாம் நாள் இரவு நடந்ததுதான் பெரிது. ஒன்றரை மணிக்குக் கொட்டகையிலிருந்து சத்தம். போய்ப் பார்த்தால் பவளம் வியர்த்து நனைந்து, முன்னங்காலால் தரையைப் பறித்து, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு, விழுந்து புரள்கிறது. வயிற்று வலி. மாட்டுக்கு வந்தால் ஓரளவு பொறுக்கலாம், குதிரைக்கு அப்படியில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேதான் சிக்கும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.

உள்ளூர் கால்நடை மருத்துவர் இரண்டரை மணிக்கு வந்தார். ஊசி போட்டார். "விடியறதுக்குள்ள அடங்கலைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகணும். வண்டி, செலவு எல்லாம் ஆகும். ஒருவேளை கஷ்டம்னு தெரிஞ்சா வேற முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். இதுக்கு ஓனர் யாருங்க? யார் முடிவு சொல்வீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அண்ணியைப் பார்த்தார். ஒத்திகையை மறந்து அண்ணி போன் போட்டார். அண்ணன் இரவுப் பணியில் இருந்தார். போன் ஸ்விட்ச் ஆஃப்.

வெலிங்டனில் இருக்கும்போதே இப்படி. சிக்னலே கிடைக்காத மலையில் இருந்தால்?

விடியற்காலை ஐந்து மணிக்கு பவளம் லத்தி போட்டது. எங்கள் வீட்டில் லத்திக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். காரணமும் அப்புறம் தெரிந்தது. முந்தின நாள் வீட்டில் விருந்து. மிச்சமான சோறு ஒரு குண்டா நிறைய இருந்ததை, பாவம் என்று அம்மாதான் வைத்திருக்கிறார். குதிரைக்குத் தீனியைத் திடீரென்று மாற்றக் கூடாது. புதியதைப் பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். அம்மாவுக்கு அது தெரியாது. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒத்திகை அதோடு முடிந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

விற்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. வாரத்துக்கு விடுவது. ஆட்டையும் மாட்டையும் இன்னொருவரிடம் வளர்க்கக் கொடுத்து, பிறக்கும் குட்டியைப் பங்கு போட்டுக்கொள்வது. குதிரைக்கும் அதையே செய்தால் என்ன என்று கேட்டது அப்பாதான்.

அண்ணனின் படைப்பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டரில் தோட்டம் வைத்திருக்கிறார். ஏற்கெனவே இரண்டு பெண் குதிரைகள் அவரிடம் உண்டு. அண்ணனுடன் போய்க் கேட்டோம். "ரெண்டுக்கு வைக்கற தீனியோட இன்னொண்ணுக்கும் வெச்சுட்டுப் போறேன். ஆனா, எதையும் வாய்ப்பேச்சுல விடாதீங்க. எழுதிக் குடுங்க" என்றார். பட்டாளத்துக்காரர் இல்லையா!

எழுதினோம். தீனியும் அன்றாடப் பராமரிப்பும் அவர் பொறுப்பு. மருத்துவம், லாடம் எங்கள் பொறுப்பு. அதற்காக மாதம் 2,500 ரூபாயை அண்ணி தனியாக எடுத்துவைப்பார். அவசரம் என்றால் 15,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் அவரே செலவு செய்யலாம். அதற்கு மேல் என்றால் அப்பா சொல்வார். பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால், வேதனைப்படுத்தாமல் முடிவெடுக்கும் உரிமையும் அப்பாவுக்கே. பந்தயத்துக்கோ ஊர்வலத்துக்கோ விடக் கூடாது. இனச்சேர்க்கை செய்தால், பதினோரு மாதம் கழித்துப் பிறக்கும் முதல் குட்டி அவருக்கு. அவருக்கு முடியாமல் போனால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். அப்போது அந்த 75,000 சொன்னவரிடம் முதலில் கேட்போம்.

கடைசியாக ஒரு வரி பாக்கி இருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அண்ணன் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அண்ணிதான் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "குடுங்க, நான் எழுதறேன்." உரிமையாளர் திரும்பி வர இயலாமல் போனால், குதிரையைப் பற்றிய முடிவு மனைவியுடையது என்று எழுதி, பெயர் போட்டு, தேதி போட்டார். அவர் கை நடுங்கவில்லை. எனக்குத்தான் நடுங்கியது.

அன்று இரவு அம்மா அழுதார். மறுநாள் காலையில் அவரே சொன்னார்: "எழுதினதுக்கப்புறம் கொஞ்சம் பயம் கொறஞ்ச மாதிரிதான் இருக்குது."

உங்களுக்கு இப்படி ஒரு முடிவு வந்தால்...

எல்லோர் வீட்டிலும் குதிரை இருக்காது. ஆனால், வேலைக்காகவோ படிப்புக்காகவோ நீண்ட நாள் வீட்டை விட்டுப் போகிறவர்கள் வீட்டில் ஒரு நாயோ, கறவை மாடோ, ஜல்லிக்கட்டுக் காளையோ இருக்கலாம். எங்கள் வீடு படித்த பாடத்திலிருந்து ஆறு கேள்விகள்:

1. தினமும் காலையில் அதன் அருகே போய் நிற்கப்போகிறவர் யார்? 'வீட்ல பார்த்துக்குவாங்க' என்பது பதில் இல்லை. ஒரு பெயர் வேண்டும்.

2. அவருக்கு முடியாத நாளில் அடுத்தவர் யார்?

3. நீங்கள் கிளம்பும் முன்பே, நீங்கள் இல்லாமல் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தீர்களா?

4. மாதச் செலவு எவ்வளவு, அவசரச் செலவுக்குப் பணம் யார் கையில்?

5. உங்களை போனில் பிடிக்க முடியாத இரவில் முடிவு சொல்லப்போகிறவர் யார்? அது எழுத்தில் இருக்கிறதா?

6. விற்பதுதான் முடிவு என்றால், கிளம்பும் தேதிக்கு ரொம்ப முன்பே ஆரம்பித்துவிட்டீர்களா? கடைசி வாரத்தில் விற்றால் விலையும் போகும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போகும்.

முதல் கேள்விக்கும் ஐந்தாவது கேள்விக்கும் பெயர் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றால், நல்ல கையாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருக்குள் ஆத்திர அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையும் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

ஆடிச் சந்தைக்கு இந்த வருடமும் அண்ணன் போனார். எதையும் விற்கவில்லை, வாங்கவில்லை. ஒரு புது முகக்கயிறு மட்டும் வாங்கிக்கொண்டு நேராக அந்தத் தோட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். பவளம் அங்கே போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் தனியாகவே நின்ற குதிரை, அங்கே மற்ற இரண்டோடு சேர்ந்து வேலி ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தது.

அண்ணன் நாக்கைத் தட்டிக் கூப்பிட்டார். பவளம் தலையைத் தூக்கிப் பார்த்தது. காதை முன்னால் மடக்கியது. நாலடி எடுத்துவைத்தது. பிறகு நின்று, திரும்பி, புல்லுக்கே போய்விட்டது.

எனக்கு என்னவோ போலிருந்தது. "என்னண்ணா, வரவே மாட்டேங்குது?" என்றேன்.

முகக்கயிற்றை வேலியில் மாட்டிவிட்டு அண்ணன் சிரித்தார். "வயிறு ரொம்பிருக்குது, கூட ஆளும் இருக்குது. அப்புறம் எதுக்கு வரும்? இப்படித்தான் இருக்கோணும்."

ஆவணி இரண்டாம் வாரம் ஈரோடு ஜங்ஷனில் அவரை ரயில் ஏற்றிவிட்டோம். நேற்று தோட்டத்துக்காரர் அனுப்பிய வீடியோவை அண்ணி குரூப்பில் போட்டார். பார்த்துவிட்டதற்கான நீல டிக் அண்ணனிடமிருந்து இன்னும் வரவில்லை. வரும்.

அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக் கேள்வியோடு சந்திப்போம்!